மேட்டுக்குள் யார்? தென் இங்கிலாந்து ஈமமேடுகளில் ஐந்து நாள்

முதல் நாள்: வெஸ்ட் கென்னட்

ஸ்விண்டனிலிருந்து டிவைசஸ் போகும் 49ஆம் எண் பஸ் ஏவ்பரியில் நிற்கும். அங்கே இறங்கி, சில்பரி குன்றின் ஓரமாக ஆற்றங்கரைப் பாதையில் தெற்கே நடந்தால் ஏ4 சாலை வரும். சாலையைக் கடந்து, கென்னட் ஆற்றின் சின்னப் பாலத்தைத் தாண்டி, வயல் நடுவே மேடேற வேண்டும். மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்தான். காரில் வருகிறவர்கள் ஏ4 ஓரத்திலேயே நிறுத்திவிட்டு ஏறலாம். கட்டணம் இல்லை, பகல் வெளிச்சம் இருக்கும் வரை திறந்தே கிடக்கும். குளிர்காலம் முடிந்த கையோடு வந்தால் ஆற்றோரப் பாதை முழங்கால் வரை தண்ணீராக இருக்கும். ஏப்ரல் கடைசியில் வருவது நல்லது.

வழியில் சில்பரி குன்றைப் பார்த்ததும் இதுதான் பெரிய சமாதி என்று தோன்றும். 30 மீட்டருக்கு மேல் உயரம், முழுக்க மனிதர்கள் கொட்டிய மண். ஆனால் 1776இல் உச்சியிலிருந்து கிணறு வெட்டினார்கள், 1849இல் பக்கவாட்டில் சுரங்கம் போட்டார்கள், 1968இல் மறுபடி குடைந்தார்கள். ஒரு பிணமும் கிடைக்கவில்லை. மிச்சமானது சேதம் மட்டும்தான். 2000இல் பழைய கிணறு உள்வாங்கி உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது. மேட்டின் அளவை வைத்து உள்ளே யார் இருக்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏற அனுமதி இல்லை, சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வெஸ்ட் கென்னட் நீள்மேடு தூரத்துப் பார்வைக்குப் பெரிய வரப்பு போல இருக்கும். கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம். அந்த நீளத்தில் அறைகள் இருப்பது கிழக்குமுனையில் ஒரு 12 மீட்டருக்கு மட்டும். மீதி முழுவதும் வெட்டிக் கொட்டிய சுண்ணப்பாறையும் கல்லும். இரு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மண்வெட்டி ஏது? மான் கொம்பைப் பாறை இடுக்கில் அடித்து நெம்புவார்கள், மாட்டின் தோள்பட்டை எலும்பால் அள்ளுவார்கள். புதிதாக வெட்டிய சுண்ணப்பாறை பால்போல வெள்ளை. இன்று புல் மூடிப் பச்சையாகத் தெரியும் மேடு, கட்டி முடித்த வருஷம் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணில் படும்படி வெளுத்துக் கிடந்திருக்கும். பக்கத்துப் பள்ளங்கள் இப்போது தூர்ந்துவிட்டன. மேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கட்டுமானத்தில் பாதியைத் தவறவிட்டதாகும்.

வாசலில் நிற்கும் பிரம்மாண்டமான கற்களை முகப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். அவை அடைப்புக் கற்கள். கல்லறையைப் பயன்படுத்தி முடித்து, வெகு காலம் கழித்து, வாசலை மறைத்து நட்டவை. அவற்றுக்குப் பின்னால் நுழைந்தால் நிமிர்ந்தே நடக்கலாம். இடப்பக்கம் இரண்டு அறை, வலப்பக்கம் இரண்டு அறை, கடைசியில் ஒன்று. பெரிய கற்கள் சார்சன் எனும் கெட்டியான மணற்கல், இந்த வட்டாரத்திலேயே கிடைப்பது. அவற்றின் இடுக்கில் அடுக்கியிருக்கும் மெல்லிய பலகைக்கல் மேற்கே பல கிலோமீட்டர் தள்ளியிருந்து தூக்கி வந்தது. டார்ச் வெளிச்சத்தைக் கற்களின் மேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஒரு கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பாகத் தேய்ந்த இடம் தெரியும். கல்கோடரி தீட்டிய தடம் அது. விரலால் தடவினால் சுற்றியுள்ள சொரசொரப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். அம்மிக்கல்லின் நடுவைத் தொட்ட மாதிரி இருக்கும்.

இனி உள்ளே இருந்தவர்கள். 1859இல் ஜான் தர்ணம் கடைசி அறையையும் நடைவழியையும் தோண்டினார். பக்க அறைகள் நான்கும் கூரை வரை மண்ணும் கல்லும் அடைத்துக் கிடந்ததால் அவை அறைகள் என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் கவனிக்காமல் விட்டதுதான் பிற்பாடு பெரும் லாபமாயிற்று. 1955-56இல் ஸ்டூவர்ட் பிகட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் வந்தபோது நான்கு அறைகள் கைபடாமல் இருந்தன. முதலில் நாற்பதுக்கு மேல் என்று எண்ணினார்கள். மறு ஆய்வில் குறைந்தது 36 பேர் என்று ஆயிற்று. இந்தக் "குறைந்தது" எப்படி வருகிறது என்றால், கலைந்து கிடக்கும் எலும்பில் தலையை எண்ண முடியாது. ஒரே வகை எலும்பு, உதாரணமாக வலது தொடை எலும்பு, எத்தனை இருக்கிறது என்று எண்ணுவார்கள். 20 இருந்தால் குறைந்தது 20 பேர். பிறகு வயதையும் அளவையும் வைத்துக் கூட்டுவார்கள்.

வெறும் எலும்பை வேறெங்கோ இருந்து பொறுக்கி வந்து போட்டார்கள் என்று வெகுநாள் எழுதினார்கள். இன்றும் பல வழிகாட்டிகள் அதையே சொல்கிறார்கள். அதைத் தள்ளிவைப்பதற்கான சான்று மணிக்கட்டிலும் பாதத்திலும் உள்ள பொடி எலும்புகள். பிணத்தை வெளியே கிடத்தி, சதை போனபின் எலும்பைப் பொறுக்கியிருந்தால் அந்தச் சுண்டைக்காய் அளவு எலும்புகள் கிடத்திய இடத்திலேயே தங்கியிருக்கும். இங்கே அவை அறைக்குள்ளேயே கிடைத்தன. ஆகவே பெரும்பாலோரை முழு உடலாகத்தான் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். அடுத்த பிணம் வந்தபோது பழையவரை ஓரம் தள்ளினார்கள். மண்டையோடுகளும் கைகால் நீள எலும்புகளும் குறைவதால், சிலவற்றை வெளியே எடுத்தும் போயிருக்கிறார்கள்.

காலக்கணிப்புதான் எல்லாவற்றையும்விட வியப்பு. கரிமக் கணிப்பைப் புள்ளியியலோடு சேர்த்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி மேடு கட்டியது கி.மு. 3650ஐ ஒட்டி. பிணங்கள் வைத்தது அதிகம் போனால் 30 வருஷம், 10 வருஷமாகக்கூட இருக்கலாம். அதாவது ஒரு தலைமுறை. அதன்பின் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணத்தூளும் மண்ணும் உடைந்த பானையும் கொட்டி அறைகளை நிரப்பினார்கள்.

ஒரு வேண்டுகோள்: உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். கற்களில் படிந்திருக்கும் கரி அப்படி வந்ததுதான். சூட்டில் கல்லும் விரிசல் விடும்.


இரண்டாம் நாள்: வேலண்ட்ஸ் ஸ்மிதி

இதற்கு பஸ்ஸை நம்ப முடியாது. ஸ்விண்டனில் கார் எடுத்து, அஃபிங்டன் வெள்ளைக்குதிரை மலையின் வண்டி நிறுத்தத்தில் விட்டுவிட்டு, ரிட்ஜ்வே எனும் பழைய மலைமுகட்டுப் பாதையில் மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதை சுண்ணப்பாறை. மழை பெய்த மறுநாள் சோப்புக்கட்டி மேல் நடப்பது போல வழுக்கும். அடியில் பள்ளம் வெட்டிய காலணி அவசியம்.

பீச் மரங்கள் வட்டமாகச் சூழ்ந்த அமைதியான இடம். கண்ணில் படுவது 56 மீட்டர் நீள மேடும், அதன் தெற்கு முகத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் நான்கு சார்சன் கற்களும். இது இரண்டாவது கல்லறை. முதலாவது இதன் வயிற்றுக்குள் இருக்கிறது, வெளியே துளியும் தெரியாது. 1962-63 அகழாய்வில்தான் வெளிப்பட்டது.

முதலாவதன் அமைப்பு இப்படி. பெரிய மரத்தடி ஒன்றைப் பிளந்து, இரு முனையிலும் ஒவ்வொன்றாக நட்டார்கள். இடையே தரையில் சார்சன் கல் பரப்பினார்கள். அதன்மேல் மரப்பெட்டி போன்ற நீளமான தொட்டி. அதற்குள் 14 பேர். பதினொருவர் ஆண்கள், இருவர் பெண்கள், ஒரு குழந்தை. காலம் கி.மு. 3590க்கும் 3550க்கும் இடையே. பதினான்கு பேரையும் வைத்து முடிக்க ஒரு பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை.

இத்தனை ஆண்கள் இவ்வளவு குறுகிய காலத்தில் ஏன்? ஒருவருடைய இடுப்பெலும்பில் சக்கிமுக்கிக் கல் அம்பின் நுனி முறிந்து பதிந்திருந்தது. நுனி உடைந்த வேறு அம்புமுனைகளும் எலும்புகளோடு கிடைத்தன. மூன்று பேராவது அம்பு பட்டு இறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அம்புமுனைகளைப் படையல் என்று முன்பு எண்ணியதுண்டு. படையலுக்கு வைத்த முனை முழுசாக இருக்கும், எலும்பில் மோதியது நுனி போயிருக்கும். இருவருடைய எலும்பில் நாயோ ஓநாயோ கடித்த தடம் உண்டு. அவர்கள் விழுந்த இடத்திலேயே சில நாள் கிடந்து, பிறகே எடுத்து வரப்பட்டிருக்கிறார்கள். இத்தனையும் ஒரு சண்டையைத்தான் காட்டுகிறது என்பது என் எண்ணம். எப்படியும் பிணத்தைத் தேடி எடுத்து வந்து சொந்தக்காரர்கள் பக்கத்தில் கிடத்தியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பிறகு இரு பக்கமும் பள்ளம் வெட்டிச் சின்ன மேடு போட்டு மூடினார்கள். பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. கி.மு. 3460க்கும் 3400க்கும் இடையே அதன் தலைமேலேயே இந்தப் பெரிய மேட்டைக் கட்டினார்கள். சிலுவை வடிவ அறையில் முன்பு தோண்டியவர்கள் எட்டுப் பேரின் எலும்பைக் கண்டார்கள். நுழைவு தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும்.

பெயர் பிற்காலத்தது. வேலண்ட் சாக்சன் மக்களின் கதைகளில் வரும் கொல்லன். கி.பி. 955இன் ஆவணத்திலேயே இந்தப் பெயர் வருகிறது. குதிரையை இங்கே கட்டிக் கல்லின் மேல் ஒரு காசு வைத்துவிட்டுப் போனால் காலையில் லாடம் அடித்திருக்கும் என்பது ஊர்க்கதை. அதைக் கேட்டுக் கல்லிடுக்கில் காசைத் திணிக்கிறார்கள். செம்பு துருப்பிடித்து ஊதி கல்லைப் பிளக்கும். காசு பையிலேயே இருக்கட்டும்.


மூன்றாம் நாள்: ஹேசல்டன், பெலாஸ் நாப்

ஹேசல்டன் நார்த் மேட்டைத் தேடி வயலுக்குப் போனால் ஒன்றும் இருக்காது. 1979 முதல் 1982 வரை ஆலன் சாவில் தலைமையில் கடைசிக் கல் வரை பிரித்துத் தோண்டிவிட்டார்கள். உழவு அதை வருஷா வருஷம் சீவிக்கொண்டே வந்ததுதான் காரணம். ஆகவே சைரன்செஸ்டர் ஊரின் கொரினியம் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

ஒரு மேட்டுக்குள் வடக்கே ஓர் அறைத்தொகுதி, தெற்கே ஒன்று. இரண்டும் 'ட' எழுத்துப்போல மடங்கியவை, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இருந்தவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி கிடையாது. கட்டியபோதே இரண்டாகப் பிரித்துக் கட்டியது ஏன் என்பதற்கு நாற்பது வருஷம் விடை இல்லை. 2021 டிசம்பரில் மரபணு ஆய்வு வெளியானதும் விடை வந்தது.

பல்லிலும், காதுக்குள் இருக்கும் மிகக் கெட்டியான எலும்பிலும்தான் மரபணு இவ்வளவு காலம் தங்கும். அப்படி 35 பேரின் மரபணுவைப் படித்தார்கள். 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. அவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆணின் வழி. அவருக்கு நான்கு பெண்கள் மூலம் பிள்ளைகள். இரண்டு பெண்களின் வழி வந்தவர்கள் தெற்கு அறையில், மற்ற இரண்டு பெண்களின் வழி வந்தவர்கள் வடக்கு அறையில். நம்மூரில் மூத்தாள் மக்கள், இளையாள் மக்கள் என்று பங்கு பிரிப்பதைப் போல, தாய்வழியை வைத்துத்தான் அறையைப் பிரித்திருக்கிறார்கள். வடக்கு அறையின் நடைவழி இடிந்து அடைபட்டபின் அந்தக் கிளையில் சிலரைத் தெற்கே வைக்க நேர்ந்திருக்கிறது.

வம்சம் இறங்குவது மகன் வழி மட்டும். உள்ளே மருமகள்கள் இருக்கிறார்கள். வளர்ந்து பெரியவளான மகள் ஒருத்திகூட இல்லை, சிறு வயதில் இறந்த பெண்குழந்தைகள்தான் உண்டு. வளர்ந்த மகள்கள் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அங்கே புதைந்திருப்பார்கள் என்பது நமக்கு விளக்கம் தேவையில்லாத விஷயம். என் மனதில் நின்றது இன்னொன்று. தாய் இந்தக் குடும்பத்தில் வாழ்ந்தவள், தகப்பன் வேறு ஆள் என்ற நிலையில் உள்ள சில ஆண்களும் உள்ளே இருக்கிறார்கள். தாயோடு வந்த பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்று, அந்த மேட்டில் இடமும் கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் ரத்த உறவே இல்லாதவர்கள். சில பத்து வருஷங்களில் மேட்டின் பயன்பாடு முடிந்துவிட்டது.

வடக்கு வாசலருகே கலையாமல் கிடந்த ஒரே ஆண், பக்கத்தில் சக்கிமுக்கிக் கல்லும் அதைத் தட்டி உடைக்கும் குண்டுக்கல்லும் வைத்துப் புதைக்கப்பட்டவர். அவருக்குப் பின் யாரும் அந்தப் பக்கம் வைக்கப்படாததால்தான் அவர் எலும்பு ஓரம் தள்ளப்படாமல் வரிசை மாறாமல் இருக்கிறது. மற்றவர்களும் முதலில் இப்படித்தான் கிடந்திருப்பார்கள்.

மதியத்துக்கு மேல் பெலாஸ் நாப். செல்டனமிலிருந்து வின்ச்கூம் வரை பஸ் உண்டு. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மேல்நோக்கி நடை, கடைசியில் காட்டோரமாக மூச்சு வாங்கும் ஏற்றம். 54 மீட்டர் நீளம், நான்கு மீட்டர் உயரம். பயணத்திலேயே லட்சணமான மேடு இதுதான். வடக்குமுகத்தில் நிலைக்கல், மேல்படி, இரு பக்கமும் வளைந்து வரும் அடுக்குக்கல் சுவர் என்று ராஜவாசல் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பொய்வாசல், பின்னால் அறை இல்லை. உண்மையான அறைகள் பக்கவாட்டிலும் பின்னாலும் சிறு பொந்துகளாக இருக்கின்றன. 1863இலும் 1865இலும் தோண்டியபோது அறைகளில் 31 பேரும், பொய்வாசலின் பின்னே ஐந்து குழந்தைகளின் எலும்பும் ஒரு பெரியவரின் மண்டையோடும் கிடைத்தன. சுவரின் மேல்வரிசைகள் 1930ஐ ஒட்டிய சீரமைப்பில் அடுக்கியவை. கீழ்வரிசைகள் பழையவை. உட்கார்ந்து பார்த்தால் கீழே உள்ள கற்கள் மெல்லியதாக, சாந்து இல்லாமல், ஒன்றோடொன்று ஏடு ஏடாகப் பொருந்தியிருப்பது தெரியும்.


நான்காம் நாள்: ஸ்டோனி லிட்டில்டன்

பாத் நகருக்குத் தெற்கே வெல்லோ என்ற ஊர். சின்ன வண்டி நிறுத்தத்திலிருந்து ஓடைப் பாலம், பிறகு ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான வயல்பாதை. களிமண் காலணியில் அப்பும். மாற்று உடையும் தலையில் கட்டும் விளக்கும் வேண்டும், ஏனென்றால் கல்லறைக்குள் செல்லும் நடைவழி சுமார் 13 மீட்டர் நீளம், உயரமோ இடுப்புக்குக் கொஞ்சம் மேல்தான். முழுத் தூரமும் தவழ வேண்டும். இரு பக்கமும் மூன்று மூன்று அறை, கடைசியில் ஒன்று. கூரைக்கல் படிப்படியாக உள்நோக்கி நீண்டு கூடுவதை மல்லாந்து பார்க்கலாம். மூட்டுவலி உள்ளவர்கள் வாசலோடு நின்றாலும் நஷ்டமில்லை.

ஏனென்றால் பார்க்க வேண்டியது வாசலில்தான் இருக்கிறது. இடது நிலைக்கல்லில் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் அச்சு, சுருள் சுருளாக, தட்டு அளவுக்குப் பதிந்திருக்கிறது. கல்லுக்குள் தற்செயலாக இருப்பதுதான். ஆனால் அந்த முகம் வெளியே தெரியும்படி, அதுவும் வாசலில், அந்தக் கல்லை நிறுத்தியது தற்செயல் இல்லை.


ஐந்தாம் நாள்: ஸ்டோன்ஹெஞ்ச் வட்டாரம், டிவைசஸ்

இன்று பார்த்த மேடுகள் வேறு வகை, வேறு மக்கள். இவை வட்டமேடுகள், கி.மு. 2400க்குப் பிற்பட்டவை. 2018இல் வந்த மரபணு ஆய்வுப்படி, மணிவடிவக் குடுவை செய்யும் மக்கள் ஐரோப்பாவிலிருந்து வந்து சில நூற்றாண்டுகளுக்குள் பிரிட்டன் மக்களின் மரபு ஏறக்குறைய 90 சதவீதம் மாறிவிட்டது. முதல் நான்கு நாளில் பார்த்தவர்களின் நேர் வாரிசுகள் இந்த வட்டமேடுகளில் பெரும்பாலும் இல்லை. கூட்டமாக வைக்கும் அறையும் இல்லை. நடுவில் ஒருவரை வைத்து அவர்மேல் மேடு, பிறகு அதே மேட்டில் மற்றவர்கள்.

ஏ303 சாலையும் ஏ360ம் சந்திக்கும் இடத்தில் வின்டர்போர்ன் ஸ்டோக் தொகுதியில் எல்லா வகையும் ஒரே பார்வையில் கிடைக்கும். கவிழ்த்த கிண்ணம்போல மேடும் ஒட்டினாற்போல் அகழியும் இருந்தால் கிண்ணமேடு, இதுதான் அதிகம். மேட்டுக்கும் அகழிக்கும் நடுவே ஒரு சமதளம் விட்டிருந்தால் மணிமேடு. பெரிய வட்டத் தளத்தின் நடுவே சின்னக் குமிழும் வெளியே கரையும் இருந்தால் தட்டுமேடு. குழிந்து, சுற்றிலும் கரை மட்டும் இருப்பது குளமேடு. உச்சிவெயிலில் தட்டுமேட்டைத் தாண்டி நடந்தாலும் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் சாய்ந்த வெயிலில் நிழல் விழும்போது ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். முயலும் வளைக்கரடியும் தோண்டிய இடங்களில் கை வைக்காதீர்கள், வெளியே தள்ளிய மண்ணில் எலும்புத் துண்டு கிடக்கும். எடுப்பது குற்றம்.

ஸ்டோன்ஹெஞ்சுக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டரில் நார்மன்டன் டவுன் மேடுகள். பறவைக் காப்பிடம் என்பதால் மண்பாதையில் நின்றே பார்க்க வேண்டும். அதில் புஷ் பாரோ என்ற மேட்டை 1808 செப்டம்பரில் வில்லியம் கன்னிங்டனும் ரிச்சர்ட் கோல்ட் ஹோரும் திறந்தார்கள். உச்சியிலிருந்து நேரே கீழே குழி இறக்குவது அவர்கள் முறை. நடுப்புதையல் வேகமாகக் கிடைக்கும், ஓரத்தில் உள்ளவை, மண்ணடுக்கு, அகழி எல்லாம் பதிவில்லாமல் போகும். உள்ளே உயரமான ஆண் ஒருவர். மார்பில் சாய்சதுரத் தங்கத் தகடு, இடுப்பில் தங்கக் கொக்கி, வெண்கலக் குறுவாள்கள், கோடரி, கல் தலை வைத்த கதாயுதம்.

எல்லாம் டிவைசஸ் ஊரின் வில்ட்ஷயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகடு 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஓரத்துக்கு இணையாக ஓடும் கோடுகளில் கை தடுமாறிய இடம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் அதன்முன் நிற்கிறார்கள். பக்கத்தில் உள்ள குறுவாள் பிடியின் துணுக்கைப் பாருங்கள். மரப்பிடியில் வளைந்து வளைந்து போகும் வரிசையாகப் பதித்த தங்க ஆணிகள், மொத்தப் பிடிக்கும் 1,40,000 என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம், தலைமயிர் அளவு மெலிவு. மரம் மக்கிவிட்டதால் ஆணிகள் மண்ணில் தூளாகக் கிடந்தன. கரணை நுனி பட்டு ஆயிரக்கணக்கில் சிதறிய பிறகே அவை தங்கம் என்று தோண்டியவர்களுக்குத் தெரிந்தது.

கன்னிங்டனும் ஹோரும் பொருளை எடுத்துக்கொண்டு எலும்பைத் திரும்பப் போட்டு மூடுவார்கள். சில குழிகளில் வருஷம் பொறித்த உலோக வில்லை ஒன்றையும் அடையாளத்துக்குப் போட்டார்கள். ஹேசல்டனில் பெயர் தெரியாத குழந்தைக்குக்கூடத் தகப்பன் யார், பாட்டி யார் என்று சொல்ல முடிகிறது. ஆனால் இத்தனை தங்கத்தோடு போன இந்த ஆளுக்குக் காட்ட அருங்காட்சியகத்தில் ஒரு பல்கூட வைக்கப்படவில்லை.